வீரன் தூங்கினான்... வைத்தியர் தூங்கவில்லை!

ராத்திரி மணி ஒன்றே முக்கால். வீட்டில் எல்லோரும் நல்ல உறக்கத்தில். ஹாலில் டி.வி. மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் ஒரு சின்ன ஊர். அதில் ஒரு விடுதி. நான்கு பேர் கொண்ட கூட்டத்தை அந்த விடுதிக்குள் அழைத்துப்போய், காசு கொடுத்துப் படுக்க வைக்கிறேன். திரை இருள்கிறது. தாலாட்டு மாதிரி ஒரு சின்ன இசை. உடனே பொழுது விடிகிறது. களைப்பெல்லாம் தீர்ந்து, நான்கு பேரும் புத்தம் புதிதாக எழுந்து நிற்கிறார்கள்.

அவர்களைத் தூங்க வைத்த நான் மட்டும் தூங்கவில்லை!

இப்படிக் கண் விழித்தது பரீட்சை முடிந்து லீவில் இருக்கும் பையன் என்று நினைத்தீர்களா? இல்லை. ஐம்பதைத் தாண்டிய, முப்பது வருஷமாக வருகிறவர்களுக்கெல்லாம் ‘நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நேரத்துக்குப் படுங்கள்’ என்று உபதேசம் செய்கிற ஒரு சித்த வைத்தியர். சாட்சாத் நானேதான்!

இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு வீடியோ கேம் கருவி இருக்கலாம். அதைப் பார்த்தாலே உங்களுக்கு எரிச்சல் வரலாம். அல்லது, என்னைப் போல் நீங்களே ஒருநாள் அதில் உட்கார்ந்துவிடலாம். இரண்டு வகையினருக்கும் என் அனுபவம் பயன்படும்.

எப்படி ஆரம்பித்தது?

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற என் மகள், லீவுக்கு வீட்டுக்கு வந்தாள். வந்ததும் பெட்டியிலிருந்து ஒரு கருவியை எடுத்து டி.வி.யில் மாட்டினாள். தினமும் சாயங்காலம் உட்கார்ந்து ஆடுவாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“படிச்ச பொண்ணு பண்ற வேலையா இது? டமால் டுமீல்னு சுட்டுக்கிட்டு...” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. “அப்பா, இதுல துப்பாக்கியே கிடையாது. ஒரு வாரம் நீங்க ஆடிப் பாருங்க. அப்புறம் திட்டுங்க, கேட்டுக்கறேன்” என்று கன்ட்ரோலரை என் கையில் கொடுத்துவிட்டாள்.

நோயாளியைப் பார்க்காமல், நாடியைத் தொடாமல் நோய்க்குப் பெயர் சொல்வது வைத்தியருக்கு அழகல்ல. சரி, பார்த்துவிடலாமே என்று வாங்கினேன். அவ்வளவுதான்!

இது என்ன விளையாட்டு?

‘டிராகன் க்வெஸ்ட்’ என்ற ஜப்பானிய விளையாட்டு வரிசையில் மூன்றாவது கதை அது. 1988-ல் வந்ததைப் புதிய படங்களோடு மெருகேற்றி, 2024 நவம்பரில் மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். கதை ரொம்ப எளிமையானது. பதினாறாவது பிறந்த நாளன்று காலையில் அம்மா வந்து எழுப்புகிறாள். ராஜாவைப் பார்க்க அனுப்புகிறாள். உலகைக் காக்கப் புறப்பட்டுப் போன அப்பா திரும்பி வரவில்லை. அவர் முடிக்காமல் விட்ட பயணத்தைப் பிள்ளை தொடர வேண்டும். துணைக்கு மூன்று பேரைச் சேர்த்துக் கொள்ளலாம். போர்வீரர், மந்திரவாதி, வியாபாரி, குணப்படுத்தும் சாமியார் என்று பல தொழில்காரர்கள் இருக்கிறார்கள். அந்தச் சாமியாருக்கு என் மகள் ‘வைத்தியர்’ என்று பெயர் வைத்தாள். யாரை நினைத்து என்று கேட்கவா வேண்டும்!

வழியில் எதிரிகள் வருவார்கள். இங்கேதான் விசேஷம். எதிரி வந்தவுடன் படபடவென்று பட்டனை அமுக்க வேண்டியதில்லை. நம் வீட்டில் தாயம் ஆடுவது போல, சதுரங்கம் ஆடுவது போல, முறை வைத்துத்தான் ஆட்டம். தாக்குவதா, மந்திரம் சொல்வதா, பையிலிருந்து மருந்தை எடுப்பதா, தற்காத்துக் கொள்வதா, ஓடிவிடுவதா? திரையில் பட்டியல் வந்து நிற்கும். நாம் தேர்ந்தெடுக்கும்வரை எதிரி அசையமாட்டான். நீங்கள் எழுந்துபோய் சாதம் வடித்துவிட்டு வந்தாலும் அப்படியே நின்று கொண்டிருப்பான்!

இதை நன்றாக நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் இது தேவைப்படும்.

ஜப்பானில் பிறந்த கதை

1986-ம் ஆண்டு மே 27 அன்று முதல் டிராகன் க்வெஸ்ட் ஜப்பானில் வெளியானது. உருவாக்கியவர் யூஜி ஹோரி. பத்திரிகைகளில் எழுதிக் கொண்டிருந்தவர். அப்போது அமெரிக்காவில் கம்ப்யூட்டரில் ஆடுகிற கதை விளையாட்டுகள் இருந்தன. ஆனால் அவை சிக்கலானவை. பழகியவர்களுக்கே தலை சுற்றும். அதையே வீட்டு டி.வி.யில், கையடக்கமான ஒரு கன்ட்ரோலரில், சின்னப் பிள்ளையும் புரிந்துகொண்டு ஆடும்படி ஹோரி எளிமையாக்கினார். படம் வரைந்தவர் அகிரா டோரியாமா. ‘டிராகன் பால்’ கார்ட்டூனை வரைந்த அதே ஓவியர்தான். 2024 மார்ச்சில் காலமானார். விளையாட்டில் முதலில் வருகிற எதிரி, நீர்த்துளி வடிவத்தில் நீல நிறமாக, வாய் நிறையச் சிரிப்போடு இருக்கும் ‘ஸ்லைம்’. அதை அடிக்கவே மனசு வராது! இசை கோய்ச்சி சுகியாமா. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர்கள் அணிவகுத்து வந்தபோது முதலில் ஒலித்தது இவருடைய டிராகன் க்வெஸ்ட் இசைதான். அந்த நாட்டில் இது எத்தனை தூரம் ஊறியிருக்கிறது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

மூன்றாவது கதை வெளியான நாள் 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை. பள்ளி வேலை நாள். கடை வாசல்களில் விடியற்காலையிலிருந்தே நீண்ட வரிசை. அந்த வரிசையில் பள்ளிக்கு மட்டம் போட்ட மாணவர்களும் நின்றார்கள். போலீசார் பிடித்துப் புத்தி சொல்லி அனுப்பும் அளவுக்குப் போய்விட்டது. நாடே பேசியது. அதற்குப் பிறகு இந்த வரிசையை வேலை நாளில் வெளியிடக் கூடாது என்று ஜப்பானில் சட்டமே போட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. அது உண்மையில்லை. பிறகு வந்த கதைகள் பெரும்பாலும் விடுமுறை நாட்களிலும் வாரக் கடைசியிலும் வெளிவந்தது உண்மை.

இன்னொரு சங்கதி. முதல் இரண்டு கதைகளில் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினால், அதைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. அதற்குப் பதில் ஒரு நீளமான ரகசிய எழுத்துத் தொடரைத் திரையில் காட்டுவார்கள். முதல் கதையில் 20 எழுத்து. இரண்டாவதில் 52 எழுத்து வரை. பிள்ளைகள் அதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதே எழுத்துகளைப் போட்டுத் தொடர வேண்டும். ஓர் எழுத்தைத் தப்பாக எழுதிவிட்டால் போச்சு. பட்ட பாடெல்லாம் வீண்! மூன்றாவது கதையிலிருந்துதான் சேமித்து வைக்கும் வசதி வந்தது. இப்போது நிலைமை தலைகீழ். ஆட்டம் தானாகவே அவ்வப்போது சேமித்துக் கொள்கிறது. போதாததற்குக் கருவியையே அப்படியே ‘தூங்க’ வைக்கலாம். மறுநாள் எழுப்பினால் விட்ட இடத்திலேயே விழிக்கும்.

நிறுத்துவது இவ்வளவு சுலபமாகிவிட்டது. அப்புறம் ஏன் என்னால் நிறுத்த முடியவில்லை?

மூலிகை வாசனையில் மயங்கினேன்

முதலில் என்னை இழுத்தது எது தெரியுமா? மூலிகைகள்! இந்த விளையாட்டில் அடிபட்டவருக்கு மூலிகை கொடுத்தால் உயிர்ச்சக்தி ஏறும். விஷம் தாக்கினால் அந்த மூலிகை உதவாது. அதற்கு விஷமுறிவு மூலிகை தனி. கை கால் மரத்து விழுந்தவருக்குப் பௌர்ணமியின் பெயர் கொண்ட வேறொரு பச்சிலை. இறந்தவரை எழுப்ப ‘உலக விருட்சத்தின்’ இலை; நம் சஞ்சீவி மாதிரி. 1990-களின் தொடக்கத்தில் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நஞ்சு மருத்துவத்தைத் தனிப் பாடமாகப் படித்தவன் நான். ‘நோய்க்குத் தக்க மருந்து, ஒன்றுக்குள்ளதை இன்னொன்றுக்குக் கொடுக்காதே’ என்று அங்கே படித்ததை ஒரு ஜப்பானிய விளையாட்டில் பார்த்ததும் குஷி தாங்கவில்லை.

ஒரே ஒரு வித்தியாசம். அங்கே மூலிகையைக் கொடுத்த மறுநொடி குணம். பத்தியம் கிடையாது, மண்டலக் கணக்கு கிடையாது. ‘எங்க கிளினிக்லயும் இப்படி இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்!’ என்று மகளிடம் சொல்லிச் சிரித்தேன்.

இரண்டாவது, விடுதி. இந்த விளையாட்டில் எல்லா மருந்தையும்விட உயர்ந்த மருந்து, ஒரு ராத்திரி தூக்கம்தான். காயம், களைப்பு, தீர்ந்துபோன மந்திர சக்தி எல்லாம் விடுதியில் படுத்தெழுந்தால் சரியாகிவிடும். முக்கியமாக அந்த ‘வைத்தியர்’. அடுத்தவரைக் குணப்படுத்த அவருக்கும் சக்தி செலவாகும். சக்தி தீர்ந்துவிட்டால் எதிரில் யார் சாய்ந்தாலும் அவரால் மந்திரம் சொல்ல முடியாது. தூங்கி எழுந்தால்தான் மறுபடி வைத்தியம்.

இத்தனையும் கண்ணெதிரில் பார்த்தும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை!

‘இன்னும் ஒரே ஒரு லெவல்!’

எதிரியை ஜெயிக்க ஜெயிக்க அனுபவப் புள்ளிகள் சேரும். குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் நம் ஆள் ஒரு ‘லெவல்’ உயர்வார், பலம் கூடும். வேகமான கை தேவையில்லை, கூர்மையான கண் தேவையில்லை. பொறுமையாக உழைத்தால் யாராக இருந்தாலும் முன்னேறலாம். வாழ்க்கையில் எங்கே இப்படி நடக்கிறது? உழைத்தவனுக்கு உழைத்த அளவு கூலி, உடனுக்குடன், கணக்குத் தப்பாமல்! அந்த ருசி லேசில் விடாது.

முதல் லெவலுக்குச் சில நிமிடம் போதும். போகப் போக அடுத்தடுத்த லெவலுக்கு நேரம் கூடும். அரை மணி ஆடியாகிவிட்டது, இன்னும் கொஞ்சம்தானே பாக்கி என்று தோன்றும். இதற்கு நடுவில் ‘மெட்டல் ஸ்லைம்’ என்று ஓர் எதிரி எப்போதாவது தலை காட்டும். அடித்துவிட்டால் மற்றவற்றைவிடப் பல மடங்கு புள்ளி. ஆனால் பெரும்பாலும் அடிப்பதற்குள் ஓடிவிடும். எப்போது வரும் என்று தெரியாது. வந்தாலும் சிக்குமா, தெரியாது. எப்போதாவது கிடைக்கிற பரிசு, தினமும் கிடைக்கிற பரிசைவிட மனசைக் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளும். லாட்டரிச் சீட்டு இருந்த காலத்தில் ‘நாளைக்கு விழும், நாளைக்கு விழும்’ என்று வாங்கியவர்களை நினைத்துக் கொள்ளுங்கள்.

முதல் நாள் ஒன்பதரைக்கு எழுந்தேன். மூன்றாம் நாள் பதினொன்று. ஒரு வாரத்தில் ஒன்றே முக்கால். “பேஷன்ட்டுக்கு மட்டும்தான் உபதேசமா? நமக்கில்லையா?” என்று மனைவி கேட்டாள். “இதோ, ஒரே நிமிஷம்” என்றேன். ‘ஒரே நிமிஷம்’ என்று சொல்பவர்களிடம் நான் எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன்!

அந்த மருந்துச் சீட்டு

மறுநாள் காலை கிளினிக்கில் கூட்டம். கண்ணில் மணல் போட்ட மாதிரி உறுத்தல். கொட்டாவி மேல் கொட்டாவி. ஆறு வயதுக் குழந்தையை ஓர் அம்மா கூட்டி வந்தார். நாள்பட்ட சளி, சோகை. நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, கண்ணின் கீழ்இமையை விலக்கிப் பார்த்து, சீட்டு எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு செந்தூரம். (பெயர் வேண்டாம். யாரும் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.)

இரண்டு நிமிடத்தில் என் கம்பவுண்டர் உள்ளே வந்தார். பல வருஷமாக என்னிடம் இருப்பவர். சத்தம் போடாமல் சீட்டை என் முன்னால் வைத்தார். “ஐயா, இது பெரியவங்களுக்கா, குழந்தைக்கா?” என்றார்.

பார்த்தேன். எனக்கு வியர்த்துவிட்டது. குழந்தைக்கு அரிசி எடை எழுத வேண்டிய இடத்தில் பெரியவர்களுக்குரிய குன்றிமணி எடை எழுதியிருந்தேன்.

செந்தூரம் உலோகம் சேர்ந்த மருந்து. கடுகளவு கூடினாலும் கணக்கு வேறு. திருத்தி எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாய்க்கு எதுவும் தெரியாது, கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. கம்பவுண்டர் கவனிக்காமல் இருந்திருந்தால்? அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

குற்றம் விளையாட்டின் மேல் இல்லை. அது என்னைக் கட்டிப் போடவில்லை. பட்டியலைத் திரையில் காட்டிவிட்டு, நான் எப்போது பட்டனை அமுக்குவேன் என்று சமர்த்தாகக் காத்துக்கொண்டுதான் இருந்தது. காத்திருக்காதது என் உடம்பு.

அடக்கக் கூடாத பதினான்கு

உடம்பின் இயற்கை உந்துதல்கள் பதினான்கு என்று சித்த மருத்துவம் சொல்கிறது. இவற்றை ‘வேகங்கள்’ என்போம். அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, நீர்வேட்கை, இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். இவற்றை வலிந்து அடக்கினால் நோய் வரும் என்பது பாடம். மாணவனாக இருந்தபோது மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது ராத்திரி ஒரு மணிக்கு சோபாவில் உட்கார்ந்திருந்த என்னை நினைத்துப் பாருங்கள். சிறுநீர் முட்டுகிறது, ‘இந்தச் சண்டை முடியட்டும்’. தாகம், ‘அப்புறம் குடிக்கலாம்’. கொட்டாவி, வாயை மூடி விழுங்கியாச்சு. தூக்கம்; கண்ணைக் கசக்கி விரட்டியாச்சு. இமைக்க மறந்து கண்ணீரும் வற்றியாச்சு. ஒரே நேரத்தில் ஐந்து வேகங்களை அடக்கியிருக்கிறேன்! இதை ஒரு நோயாளி வந்து சொல்லியிருந்தால் என்ன திட்டு திட்டியிருப்பேன்!

கண் விழித்தால் பித்தம் மிகும். கண் எரியும், வாய் கசக்கும், எரிச்சல் வரும். ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்தால் வாதம் கெடும். கழுத்து, தோள், இடுப்பு பிடிக்கும், மலம் கட்டும். கூடவே மிக்சரும் முறுக்கும் கொறித்துக்கொண்டு உட்கார்ந்தால் கபம் சேரும், உடம்பு கனக்கும். ஒரே ராத்திரியில் மூன்றையும் கெடுத்துக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை.

கண், கழுத்து, கட்டைவிரல்

நவீன மருத்துவமும் இதையேதான் வேறு பாஷையில் சொல்கிறது. திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைகிறது. அதனால்தான் கண் உலர்ந்து உறுத்துகிறது. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை 20 விநாடி பார்ப்பது நல்லது என்று கண் டாக்டர்கள் சொல்வார்கள். ஜன்னல் வழியே எதிர்வீட்டு வேப்பமரத்தைப் பார்த்தால் போதும்.

கட்டைவிரல் வலிக்கு ஒரு பெயரே உண்டு. 1990-ல் அமெரிக்காவின் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு டாக்டர் கடிதம் எழுதினார். மணிக்கணக்கில் விடாமல் ஆடிய ஒரு பெண்ணுக்குக் கட்டைவிரலில் கடுமையான வலி. விளையாட்டுக் கருவியின் பெயரை வைத்தே அதை ‘நின்டெண்டைனிட்டிஸ்’ என்று குறிப்பிட்டார். முறை வைத்து ஆடும் ஆட்டத்தில் பட்டனை அவசரமாக அமுக்கும் வேலை இல்லை என்பதால் விரலுக்குச் சிரமம் குறைவு. ஆனால் கன்ட்ரோலரைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் கைக்கும், முன்னால் நீட்டிய கழுத்துக்கும் ஓய்வு ஏது?

வலிப்பு நோய் உள்ளவர்கள் வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். முறை வைத்து ஆடும் இன்னொரு ஜப்பானிய விளையாட்டு ‘போக்கிமான்’. அதை வைத்து எடுத்த டி.வி. கார்ட்டூனில், 1997 டிசம்பர் 16 அன்று சிவப்பும் நீலமும் மாறி மாறிப் பளிச்சிட்ட காட்சி ஒன்று வந்தது. அதைப் பார்த்த 600-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பளிச்சிடும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஆட விடாதீர்கள். இருட்டறையில் வைத்து யாரும் ஆடவே வேண்டாம்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

‘என் பையன் தினமும் ஆடுகிறானே, அவனுக்கு வியாதியா?’ என்று பதறாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் ‘விளையாட்டுக் கோளாறு’ என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2019-ல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஆடுகிற எல்லோருக்கும் அந்த முத்திரை பொருந்தாது. ஆட்டத்தைத் தன் கட்டுக்குள் வைக்க முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முக்கியமாகிவிடுவது, கெடுதல் வருகிறது என்று தெரிந்தும் விடாமை ஆகிய மூன்றும் சேர்ந்து, படிப்பும் வேலையும் உறவும் கெடும் அளவுக்குப் போய், சாதாரணமாக ஒரு வருஷமாவது நீடித்தால்தான் அப்படிச் சொல்வார்கள். அந்த அளவுக்குப் போயிருந்தால் மனநல டாக்டரைப் பார்ப்பதில் தயக்கமே வேண்டாம்.

ஜப்பானிலேயே ககாவா மாநிலத்தில் 2020 ஏப்ரல் முதல் ஒரு விதிமுறை இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பள்ளி நாளில் 60 நிமிடம், விடுமுறை நாளில் 90 நிமிடம் ஆடலாம் என்று ஓர் அளவு சொல்கிறது. மீறினால் தண்டனை கிடையாது. வீட்டுப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். சர்க்காரே சொன்னாலும் கடைசியில் நம் வீட்டு ஹாலில்தான் வந்து நிற்கிறது பொறுப்பு!

மகள் செய்த வைத்தியம்

அன்று ராத்திரி சீட்டு விஷயத்தை மகளிடம் சொன்னேன். இனி இந்தக் கருவியே வீட்டில் வேண்டாம், எடுத்துப் பெட்டியில் வை என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அப்பா, நான் ஒரு மாசமா ஆடறேன். என்னிக்காவது பத்து மணிக்கு மேல நான் உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா?”

யோசித்துப் பார்த்தேன். இல்லை. பத்தடித்தால் பட்டனை அமுக்கிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவாள்.

“இந்த ஆட்டம் நமக்காகக் காத்திருக்கும்ப்பா. சண்டை நடுவுல நிறுத்தினாலும் நாளைக்கு அங்கேயேதான் இருக்கும். நீங்கதான் அது ஓடிப்போயிடும்னு நினைச்சு ஆடறீங்க.” அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “கேம்ல நம்ம வைத்தியருக்கு சக்தி தீர்ந்தா நீங்க என்ன பண்றீங்க? விடுதிக்குக் கூட்டிட்டுப் போறீங்கல்ல? அப்போ நிஜ வைத்தியர் மட்டும் தூங்க வேண்டாமா?”

முப்பது வருஷமாக நான் ஊருக்குச் சொன்னதை, என் பெண் எனக்கு ஒரே வரியில் சொல்லிவிட்டாள். வாயடைத்துப் போனேன்.

கருவியைப் பெட்டியில் வைக்கவில்லை. அவள் லீவு முடிகிறவரை, தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் இருவரும் சேர்ந்து ஆடினோம். எந்த மூலிகையை யாருக்குக் கொடுப்பது, எப்போது ஓடுவது, எப்போது எதிர்த்து நிற்பது என்று சண்டை போட்டுக்கொண்டே ஆடினோம். அதற்கு முன் எங்கள் பேச்சு ‘சாப்பிட்டியா, ஃபீஸ் கட்டியாச்சா’ என்பதோடு முடிந்துவிடும். இப்போது அவள் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தால் முதல் கேள்வி, “அப்பா, நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்க?”

நீங்கள் செய்ய வேண்டியவை

* ஆடும் நேரத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக் கொள்ளுங்கள். படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே திரை அணைய வேண்டும்.

* ‘அடுத்த லெவல் வரை’ என்று எல்லை வைக்காதீர்கள். அது நகர்ந்துகொண்டே போகும். ‘எட்டு மணி வரை’ என்று கடிகாரத்தை எல்லையாக வையுங்கள்.

* ஆட்டத்தில் விடுதிக்குப் போகும்போதெல்லாம் நீங்களும் எழுந்திருங்கள். ஒரு டம்ளர் தண்ணீர், நாலு நடை, தோளையும் மணிக்கட்டையும் மெதுவாக ஒரு சுழற்று.

* சிறுநீர், பசி, தாகம், தூக்கம் வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். முறை வைத்து ஆடும் ஆட்டத்தில் நிறுத்தினால் நஷ்டம் எதுவுமில்லை.

* சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆட்ட ஜோரில் சாப்பாட்டு வேளையையும் மாத்திரை வேளையையும் தள்ளிப் போடக் கூடாது.

* ஆடும்போது கொறிக்காதீர்கள். கை போகிற கணக்கே தெரியாது.

* வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் முழுகுங்கள். அன்று பகல் தூக்கம் வேண்டாம். மற்ற நாட்களில் படுக்கும்முன் உள்ளங்காலில் கொஞ்சம் நல்லெண்ணெய் தடவலாம். கண்ணுக்குள் எண்ணெயோ சாறோ தாமாக விட்டுக்கொள்ளாதீர்கள்.

* பிள்ளை ஆடும்போது வயரைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ‘இது யாருடா?’ என்று கேளுங்கள். பிறகு நீங்கள் ‘போதும்’ என்று சொன்னால் காதில் ஏறும்.

வாசகர்களே, விளையாட்டில் தோற்றால் மறுபடி ஆரம்பிக்கலாம். இறந்தவரை எழுப்ப இலை இருக்கிறது. என் மருந்து அலமாரியில் அந்த இலை இல்லை. எந்த டாக்டரிடமும் இல்லை. தினமும் ராத்திரி காசு வாங்காமல் நம்மைப் புதுப்பித்து அனுப்புகிற விடுதி ஒன்றுதான் இருக்கிறது. அது உங்கள் படுக்கை.

மணி என்ன ஆகிறது? சீக்கிரம் போய்ப் படுங்கள்!